பெருநாள் பையும் பிள்ளைகளின் பல்லும்



2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் திகதி. ஸுபஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, நுவரெலியாக் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து என் தாத்தாவின் மகள் பேசினாள். (எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் அழைப்போம். வேறு ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) அங்கே இன்னும் முதல் நாள் இரவு.

"மாமா, இண்டக்கி இங்க ஹலோவீன்" என்று தொடங்கினாள்.

ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு, பிள்ளைகள் பேய், பிசாசு வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கி வரும் வழக்கம் அது. கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு அது. அதற்கும் முன்னைய ஐரோப்பியப் பழங்குடிகளின் நம்பிக்கைகளும் அதில் கலந்திருப்பதாகச் சொல்வார்கள். நானும் ஒரு மௌலவி அல்லவா? பிற சமூகத்தாரின் மார்க்க அடையாளங்களைப் பின்பற்றுவது பற்றி, நமக்கு இரண்டு பெருநாட்கள் தரப்பட்டிருப்பது பற்றி, கால் மணித்தியாலம் குறையாமல் பயான் செய்தேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விட்டபோது சொன்னாள்:

"அது எனக்குத் தெரியும் மாமா. நான் பிள்ளைகள அனுப்பல்ல. ஆனா வகுப்புல எல்லாருக்கும் குடுத்து விட்டீக்கிறாங்க. பக்கத்து வீட்டு மனிசியும், பாவம், உங்கட பிள்ளைகள் வரல்லயே எண்டு கொண்டு வந்து தந்திட்டுப் போனா. இப்ப ரெண்டு பை நெறய டொபி. சின்னவன் படுக்கைக்கும் எடுத்துக்கொண்டு போறான். இந்தப் பைய என்ன செய்ய? அதத்தான் கேட்டன்."

"கொஞ்சம் கொஞ்சமாக் குடு மகள்" என்றேன்.

"அதுதான் மாமா, எப்பிடி?" என்று சிரித்தாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவனுக்கு ஒரு பை டொபியை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான், அதே பை என் வீட்டு அலுமாரிக்குள்ளும் ஒவ்வொரு வருடமும் வந்து சேருகிறதே என்ற நினைவு வந்தது.

எங்கள் ஊர் நோன்புப் பெருநாளைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழுகை முடிந்து வெளியே வரும்போது சிங்கிள் ட்ரீ மலைப் பக்கம் மூட்டம் கலைந்திருக்காது. கம்பளிச் சட்டைக்கு மேல் புது உடுப்பா, புது உடுப்புக்கு மேல் கம்பளிச் சட்டையா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு நடக்கும். பிறகு பிள்ளைகள் கூட்டமாகப் புறப்படுவார்கள். கடைவீதி முதலாளிமார் வீடு, வாத்தியார் வீடு, ஹஸ்ரத் வீடு என்று ஒன்றையும் விடமாட்டார்கள். எங்கள் சிறு வயதில் கிடைத்தது பெருநாள் காசு ஐந்து ரூபாயும், ஒரு துண்டு தொதலோ மஸ்கட்டோ, வட்டிலப்பமோதான். அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, ஸலாம் சொல்லிப் போவோம். வட்டிலப்பத்தை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாதல்லவா? நான்கு வீட்டில் சாப்பிட்டால் வயிறே போதும் என்று சொல்லிவிடும்.

இன்று வீடுகளில் அவ்வளவு வேலை செய்ய யாருக்கும் நேரமில்லை. கடையில் பெரிய பக்கெற்றாக வாங்கி வைத்து, கதவடியிலேயே ஒரு பிடி அள்ளிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கடதாசியில் சுற்றிய டொபி கெட்டுப் போகாது. வயிறு போதும் என்று சொல்லும் அளவு அதற்கு இல்லை, பைதான் அளவு. ஒரு நாளில் தீர வேண்டிய பெருநாள் இனிப்பு இப்படித்தான் ஒரு மாதத்துக்கு நீண்டு போயிற்று.

ஹலோவீன் என்றவுடன் முகம் சுளித்த நான், பிள்ளைகள் பையோடு வாசல் வாசலாகப் போவது முஸ்லிம் நாடுகளிலும் உண்டென்பதை யோசித்துப் பார்த்தேன். துருக்கியில் நோன்புப் பெருநாளை ஷெக்கர் பைராமி என்றும் அழைக்கிறார்கள். சீனிப் பெருநாள் என்று பொருள். பிள்ளைகள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு மிட்டாய் வாங்குவார்கள். குவைத்திலும் பஹ்ரைனிலும் ரமழான் நடுப்பகுதி இரவுகளில் கர்கீஆன் என்று, கழுத்தில் துணிப்பை மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடி வீடு வீடாகப் போய்ப் பருப்பு வகைகளும் இனிப்பும் சேர்ப்பார்கள். கட்டாரில் அதற்குக் கரன்காவூ என்று பெயர். இதன் மார்க்க நிலை பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது இங்கே நம் பேச்சல்ல. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய நம் பெண்களிடம் கேட்டால் இதையெல்லாம் கண்ணால் கண்ட மாதிரிச் சொல்வார்கள். சேர்த்த பை வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எல்லா உம்மாமாருக்கும் ஒரே தலைவலி.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

நான் மாலை நேரத்தில் சிறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் மத்ரஸா நடத்துகிறேன். என் மேசையில் பல வருடங்களாக ஒரு தகர டின் இருந்தது. புதிதாக ஒரு ஸூரா பாடம் கொடுத்தால் ஒரு டொபி. அழுதுகொண்டு வரும் புதுப் பிள்ளைக்கு ஒரு டொபி. சத்தம் போடாமல் இருந்தால் இன்னொன்று. என் உஸ்தாதுமார் பிரம்பு வைத்திருந்தார்கள். நான் டொபி வைத்திருக்கிறேன் என்று உள்ளூரப் பெருமை வேறு.

2024ஆம் ஆண்டு நோன்புக்குச் சற்று முன்னர் நாலரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று சேர்ந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. அலிஃப், பா, தா வரை மணி மணியாகச் சொல்லும். நான்காவது எழுத்தான ஸாவுக்கு வந்தவுடன் காற்றுத்தான் வரும். மகாரிஜ் ஓதியவர்களுக்குத் தெரியும், நான்காவது எழுத்தான ஸா, ஒன்பதாவதான தால், பதினேழாவதான ளா ஆகிய மூன்றும் நாவின் நுனி மேல்வரிசை முன் பற்களின் விளிம்பைத் தொட்டுப் பிறப்பவை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொடுவதற்குப் பல் இல்லை. கறுத்த நான்கு முளைகள் மட்டும் இருந்தன. ஆறேழு வயதில் பாற்பல் தானாக விழுந்தால் நாம் காத்திருப்போம், அது அல்லாஹ்வின் ஏற்பாடு. நாலரை வயதில் பல் விழவில்லை, கரைந்து போயிருந்தது.

ஸூரத்துல் கவ்ஸர் மூன்றே வசனம். குர்ஆனிலேயே சிறிய ஸூரா என்று அதைத்தான் நாம் முதலில் பாடம் கொடுப்போம். அந்த ஸூராவின் பெயரிலேயே அந்த எழுத்து இருக்கிறது. பிள்ளை அதையும் பாடம் கொடுத்தது. நானும் என் வழக்கப்படி டின்னைத் திறந்து ஒரு டொபியை நீட்டிவிட்டேன். அது வாங்கி, வலிக்காத பக்கமாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டது. ஒதுக்கிய விதத்தைப் பார்த்தபோதுதான் என் கை சுட்டது.

அந்த வருடம் பெருநாள் ஏப்ரல் மாதத்தில் வந்தது. சில நாளில் சித்திரைப் புத்தாண்டு. வசந்த காலச் சனக்கூட்டம் வேறு. எங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போக, சிங்கள அயலவர்களிடமிருந்து கெவுமும் கொக்கிஸும் வந்தன. தோட்டத்து நண்பர்களிடமிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. இவற்றின் மேல் என் மகனின் பெருநாள் பை. கட்டிலில் கொட்டி எண்ணினேன், 71 உருப்படி.

வாப்பா என்ற அதிகாரத்தில் நான் செய்த முதல் வேலை, பையைப் பறித்து அலுமாரியில் பூட்டியது. சாவி என் ஜுப்பாப் பையில். மூன்றாம் நாள் அலுமாரியின் பின்பலகை கழன்றிருந்தது. குளியலறை ஜன்னலுக்கு வெளியே டொபிக் கடதாசிகள் கிடந்தன. "நீயா எடுத்தாய்?" என்று கேட்டேன். "இல்ல வாப்பா" என்றான். எட்டு வயதில் என் மகன் எனக்குச் சொன்ன முதல் பெரிய பொய் அது. பல்லைக் காப்பாற்றப் போய் அவன் நாவைக் கெடுத்தேன். என் மாமி அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு டொபி தின்னவும் பிள்ள களவெடுக்கோணுமா, மகன்?"

அந்த வாரமே அவனைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். (நியூசிலாந்தின் உதவியோடு மஹரகமையில் பயிற்சி தொடங்கி நம் நாட்டுக்கு வந்த சேவை இது. செலவில்லை. பல்லுக் குத்து வரும்வரை காத்திருக்காமல் நம்மவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.) அங்கிருந்த சிங்களச் சகோதரி, ஒரு நாளைக்கு எத்தனை டொபி என்று முதலில் கேட்கவில்லை. எத்தனை தடவை என்றுதான் கேட்டார். வாயிலிருக்கும் கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றனவாம். ஒரு தடவை இனிப்பு உள்ளே போனால் சில நிமிடத்தில் அமிலம் ஏறும். உமிழ்நீர் அதைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும். பத்து டொபியைச் சாப்பாட்டோடு ஒரே இருப்பில் தின்றுவிட்டு வாய் கழுவுவது ஒரு தடவை. அதே பத்தைக் காலையிலிருந்து இரவு வரை ஒன்றொன்றாகச் சப்பினால் பத்துத் தடவை. பல்லுக்கு ஓய்வே இல்லை. "கொஞ்சம் கொஞ்சமாக் குடு" என்று நான் கனடாவுக்குச் சொன்ன உபதேசம் நேர் எதிரான உபதேசம் என்று அப்போது விளங்கியது.

பிறகு தேடிப் படித்ததில் ஒரு கசப்பான வரலாறும் கிடைத்தது. சுவீடன் நாட்டில் லுண்ட் நகருக்கருகே விபெஹொல்ம் என்ற நிறுவனத்தில், புத்தி வளர்ச்சி குன்றியவர்களைப் பராமரித்தார்கள். 1945ஆம் ஆண்டில் அங்கே ஆராய்ச்சி தொடங்கியது. பிறகு அந்த நோயாளிகளுக்கு, பல்லில் ஒட்டும்படி தனியாகச் செய்த டொபிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 வரை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எத்தனையோ பேரின் பற்கள் அழிந்தன. 1954இல் வெளியான முடிவு இதுதான்: சாப்பாட்டோடு சேர்ந்த சீனியால் வந்த கெடுதி சிறிது, சாப்பாடுகளுக்கிடையே சப்பிய ஒட்டும் டொபியால் வந்த கெடுதி மிகப் பெரிது. பேச முடியாதவர்கள் மீது செய்த அநியாயத்தின் மூலம் கிடைத்த அறிவு இது. அதை அறியும்போது ஒரு முஸ்லிமின் உள்ளம் வருந்தாமல் இராது. அதற்குப் பிறகு சுவீடன் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது, இனிப்பை வாரத்தில் ஒரே நாளுக்கு ஒதுக்குங்கள் என்பது. சனிக்கிழமை மிட்டாய் என்று அந்த வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

மார்க்கம் இனிப்புக்கு விரோதமானதல்ல. ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. நோன்புப் பெருநாளன்று சில பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படையாகச் சாப்பிட்டுவிட்டே தொழப் போவார்கள். அதே நபியவர்களின் வாழ்வில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து இனிப்பை எடுக்கச் சொன்ன சம்பவமும் உண்டு. பேரர் ஹஸன் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது ஸதகாவாக வந்த பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்கள். "கிஃக், கிஃக்" என்று பிள்ளைக்கு விளங்கும் சத்தத்தில் சொல்லித் துப்ப வைத்த நபியவர்கள், நாம் ஸதகாப் பொருளை உண்பதில்லை என்ற காரணத்தையும் அந்தக் குழந்தைக்குச் சொன்னார்கள். பழத்தின் சட்டம் வேறு, டொபியின் சட்டம் வேறு. நான் பார்ப்பது முறையை. அலுமாரிப் பூட்டைப் போட்ட நான் என் மகனுக்குக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். இனிப்பை விடாத பிள்ளையை ஒரு தாய் பெரியவரிடம் கூட்டி வந்ததாகவும், அவர் முதலில் தான் இனிப்பை விட்டுவிட்டுப் பிறகு பிள்ளைக்குப் புத்தி சொன்னதாகவும் ஒரு கதை நம் மிம்பர்களில் நபியவர்களின் பெயரால் சொல்லப்படுகிறது. ஆதாரபூர்வமான ஹதீஸ் அல்ல அது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றியும் காந்தியைப் பற்றியும் அதே கதையைச் சொல்கிறார்கள். நானும் விவரம் தெரியாத காலத்தில் மத்ரஸாவில் சொல்லியிருக்கிறேன். அப்போது ஒரு பொடியன் எழும்பி, "ஹஸ்ரத், நீங்க தேத்தண்ணிக்கு எத்தின கரண்டி சீனி போடுவீங்க?" என்று கேட்டான். மூன்று. நாளைக்கு ஐந்து கோப்பை. பெருக்கிச் சொன்னதும் அவனேதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்குப்படி வளர்ந்தவருக்கே, எல்லா உணவிலும் சேர்க்கும் சீனி மொத்தமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும், அதிலும் பாதியானால் நல்லது. என் தேத்தண்ணி மட்டும் பதினைந்து.

சரி, பைக்கு வருகிறேன். மகனோடு உட்கார்ந்து காரணத்தைச் சொன்னேன். பூட்டியதற்கு என் தவறையும் ஒப்புக்கொண்டேன். பிறகு இருவரும் சேர்ந்து ஓர் ஒழுங்கு செய்தோம். பெருநாளன்று கணக்கில்லை, ஆனால் பகல் சாப்பாட்டோடு. அதன் பிறகு பை அவனிடமே இருக்கும், பூட்டில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட கையோடு, விரும்பியதைத் தின்னலாம். உடனே வாய் கழுவ வேண்டும், இரவில் பல் துலக்காமல் படுக்கை இல்லை. கடிபடாத, நீண்ட நேரம் சப்பும் கட்டி வகைகளை அவனே பிரித்து வெளியே வைத்தான்.

முதல் மூன்று வெள்ளிக்கிழமை வயிறு வலிக்கத் தின்றான். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. நான்காவது வெள்ளி ஆறு டொபியோடு எழும்பிவிட்டான். மீதியைக் காட்டி, "வாப்பா, இத லயத்துப் பிள்ளைகளுக்குக் குடுப்பமா?" என்று கேட்டான்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாஷா அல்லாஹ், பிள்ளைக்கு ஸதகாவின் எண்ணம் வந்துவிட்டதே என்று நானே பையைக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பின்சரிவில் தேயிலை. அதற்கு அப்பால் லயம். அங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு நண்பர் இருக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் எங்களுக்கு வராமல் இருந்ததில்லை. மகன் கொண்டுபோன பையை மரியாதையாக வாங்கிக்கொண்டார். இரண்டொரு நாள் கழித்துக் கடையடியில் கண்டபோது, டொபியை ஏன் வீட்டில் குறைத்தோம் என்று மகன் அவரிடம் விளக்கம் கொடுத்ததைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நம்ம புள்ளைகளுக்கும் அதே பல்லுதாங்க மௌலவி" என்றார்.

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஸூரத்துல் பகராவின் 267ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. உங்களுக்கே கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத கெட்ட பொருளைத் தேடிப் பிடித்துத் தர்மம் செய்யாதீர்கள் என்ற கருத்துள்ள வசனம். எத்தனை தடவை பயானில் சொல்லியிருப்பேன்! பழைய அரிசிக்கும் கிழிந்த உடுப்புக்கும் உதாரணம் காட்டியிருக்கிறேனே தவிர, நம் பிள்ளைக்குக் கூடாதென்று ஒதுக்கியதை ஏழைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு நன்மை எதிர்பார்ப்பதும் அதில் அடங்குமென்று தோன்றவில்லை. தோட்டத்தில் பல் வைத்தியரிடம் போவதென்றால் தாய்க்கு அரைநாள் பேர் போய்விடும். நமக்கு அது ஓட்டோக் காசு மட்டும்தான்.

கனடாப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் சில பல் வைத்தியர்கள் ஹலோவீன் டொபியைப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கி இராணுவத்தினருக்கு அனுப்புவதுண்டு என்றாள். "அப்ப சிப்பாய்களுக்குப் பல் இல்லயா மாமா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் இப்போது ஜும்ஆவுக்குப் பிறகுதான் பை திறக்கிறது. பழைய டொபிகளைக் குப்பையில் போடுவது வீண்விரயமா என்றும் கேட்டாள். தேவைக்கு மேல் வாங்கியதில்தான் விரயம் என்று பதில் சொன்னேன். இந்தத் தடவை பயான் ஒரு நிமிடம்தான்.

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்கு, நம் பிள்ளைகள், லயத்துப் பிள்ளைகள் என்று வித்தியாசமில்லாமல், வறுத்த கச்சானும் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு சிறு பெருநாள் காசும் கொடுத்தோம். உள்ளே வந்து உட்காருபவர்களுக்கு வட்டிலப்பம். பேரீச்சம்பழத்திலும் இனிப்பு இருக்கிறது, பல்லில் ஒட்டும், தெரியும். அதனால்தான் எண்ணிக் கொடுத்தோம். இரண்டு பொடியன்கள் "இந்த வீட்டுல டொபி இல்லடா" என்று படியிலேயே திரும்பிப் போனார்கள். மாமிக்கு அது பெரிய மானக்கேடு. கடைவீதியில் எனக்குக் கச்சான் ஹஸ்ரத் என்று பெயரும் வைத்திருக்கிறார்களாம்.

மத்ரஸா மேசையில் டின் இன்னும் இருக்கிறது. உள்ளே வண்ணப் பென்சில்கள். பாடம் கொடுக்கும் பிள்ளை ஒரு பென்சிலை எடுத்துத் தன் பாடப் புத்தகத்தில் அந்த ஸூராவுக்கு நேரே ஒரு பூப் போடலாம். டொபிக்கு இருந்த மவுசு இதற்கு இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. என் தேத்தண்ணி ஒரு கரண்டியில் வந்து நிற்கிறது. கணக்குக் கேட்ட பொடியன் வாரம் ஒரு முறை தவறாமல் விசாரிக்கிறான்.

அந்தப் பெண்பிள்ளைக்கு இப்போது ஆறு வயதாகிறது. பல் வைத்தியரிடம் காட்டி, கெட்டவற்றை எடுத்துவிட்டார்கள். போன வாரம் வாயைத் திறந்து காட்டியது. மேல் முரசில் வெள்ளையாக இரண்டு முனை தெரிகிறது. ஸூரத்துல் கவ்ஸரைச் சொல்லச் சொன்னேன். ஸா இன்னும் சரியாக வரவில்லை.